குழாயில் கட்டிய சாமித்தட்டு

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கொஞ்சம் நன்றாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். அவன் கையில் ஒரு மனக்குறையையும் ஒரு கணினியையும் கொடுத்துவிட்டால் அயலட்டை தாங்காது. இதை நான் யாரையோ பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஆபத்தானவன் நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், நோர்வேயில் ரொம்மன் பக்கத்துத் தமிழர்களுக்கு அரசாங்கத்திலிருந்து வந்த எந்தக் கடிதமும் என் வீட்டுச் சோபாவைத் தொடாமல் போனதில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குவேன். சனிக்கிழமை வந்தால் வழக்கறிஞர். பிள்ளைக்குப் பாலர் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லையா, பஸ்ஸில் பிழையாகத் தண்டம் எழுதிவிட்டார்களா, வாருங்கள், எழுதலாம். என் கடிதங்களுக்கென்று ஒரு பாணி இருந்தது. முதலில் சட்டப் பிரிவு. பிறகு குற்றச்சாட்டு. ஒன்று போதாது என்று தோன்றினால் அதற்குத் துணையாக இன்னும் இரண்டு. கடைசியில் விரைவான பதிலை எதிர்பார்ப்பதாக மரியாதையான ஒரு மிரட்டல். (பலருக்குக் காரியம் நடந்தது. கடிதத்தால் நடந்ததா, எப்படியும் நடந்திருக்குமா என்று நான் ஆராயவில்லை.)

அப்படிப்பட்ட நான் சொந்தமாக ஒரு வீடு வாங்கினேன். நான்கு மாடிக் கொங்கிரீட் கட்டடத்தில் மூன்றாவது மாடி. நான், மனைவி கலா, பன்னிரண்டு வயது மகள் துஷா. எங்களுக்கு நேர்கீழே இங்கிரிட் என்ற நோர்வேஜியப் பெண்மணி தனியாக இருந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். முதியோர் இல்லம் ஒன்றில் மாலை நேர வேலை. இளம் வயதிலேயே அந்தக் கட்டடத்துக்கு வந்தவர். படியில் கண்டால் "ஹாய்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. (நோர்வேயில் இதற்குப் பெயர் நல்ல அயலவர்.)

குடிபூரலுக்கு முன் சாமித்தட்டு மாட்டவேண்டும். சாமி கிழக்குப் பார்க்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். திசைகாட்டி வைத்துப் பார்த்ததில், அதற்குத் தோதான சுவர் வரவேற்பறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் மூலையில் இரண்டு இரும்புக் குழாய்கள் நிலத்திலிருந்து கூரைவரை போயின. நிலவறையில் ஒரு பெரிய கொதிகலன். அங்கிருந்து சுடுதண்ணீர் இந்தக் குழாய்களில் ஏறி ஒவ்வொரு வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கும் போய்த் திரும்பும். கட்டடம் முழுவதற்கும் சூடு அப்படித்தான் வந்தது.

கலாவின் தம்பி திராமன் என்ற ஊரில் கார் திருத்துகிறவன். துளைபோடும் மெஷினோடு வந்தான். சுவர் மசியவில்லை. ஒரு மணி நேரப் போராட்டத்தில் விழுந்த துளை சாந்துப்பொட்டு அளவு. மெஷினிலிருந்து புகைதான் வந்தது.

"அத்தான், இந்தச் சுவர் விடாது. பேசாமல் குழாயில கட்டுவம்," என்றான்.

"குழாயிலயோ?"

"காருக்குப் போடுற இரும்புக் கிளிப் கிடக்கு. நாலு கிளிப்பைப் போட்டு இறுக்கினா ஆனை வந்தாலும் அசையாது."

கலாவுக்கு அது பிடிக்கவில்லை. "அது சுடுதண்ணி போற குழாயெல்லே. அதில கொண்டுபோய்ச் சாமியைக் கட்டுறதோ?"

"சாமிக்கும் குளிராமல் இருக்கும்," என்றேன். மச்சான் சிரித்தான். எனக்கு என் நகைச்சுவை மிகவும் பிடித்திருந்தது. அது ஓகஸ்ட் மாதம். குழாய் குளிர்ந்துபோய்க் கிடந்தது. கிளிப்புகளை நானே இறுக்கினேன். இனிச் சுழலாது என்ற பிறகும் ஒவ்வொரு திருகாணியையும் அரைச் சுற்றுச் சுழற்றினேன். தட்டின் பின்விளிம்பு சுவரில் அழுந்தி நின்றது. ஆட்டிப் பார்த்தேன். ஆனை தேவையில்லை, நானே அசைக்க முடியவில்லை.

ஒக்ரோபரில் குளிர் வந்தது. கலா ஆறு மணிக்கு வேலைக்கு இறங்கவேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் கும்பிடுவது காலை ஐந்தரைக்கு. சீடியில் சாமிப்பாட்டு, மணி, கற்பூரம், எல்லாம் பத்து நிமிடம். ஒருநாள் மணியை அடித்துவிட்டுக் கீழே வைத்தேன். டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து டொக், டொக்.

"கீழ இருந்துதான்," என்றேன்.

அடுத்த நாள் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். தட்டுச் சத்தம் நிற்கவில்லை. மணியை மெதுவாக அடித்தேன். நிற்கவில்லை. நான் சட்டம் படித்தவன் போல நடப்பவன் அல்லவா, ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்கு, எத்தனை தட்டு. குழாயில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் கீழிருந்து வருவது போலவே இருந்தது. ஒருநாள் சீடி பழுதாகிப் பாட்டே போடவில்லை. அன்றைக்கும் தட்டு வந்தது. கொஞ்சம் மூளை இருக்கிறவன் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் கண்டுபிடித்தது வேறு. பாட்டு இல்லாத நாளிலும் தட்டுகிறார் என்றால், அவருக்குப் பாட்டோடு கோபமில்லை, எங்களோடுதான் கோபம்.

கலா சொல்லிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஒருக்காக் கீழ போய் என்னெண்டு கேட்டிட்டு வாங்கோவன்."

"உமக்கு இந்த நாட்டு முறை தெரியாது. இஞ்சை எல்லாம் எழுத்திலதான்."

"கதவைத் தட்டி ஒரு சொல்லுக் கேக்கிறதுக்கும் எழுத்தோ?"

கீழே போய்க் கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை. பத்திரங்களில் வரும் நோர்வேஜிய மொழி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு மனுசியின் முகத்தைப் பார்த்து "ஏன் எங்களைப் பிடிக்கவில்லை" என்று கேட்கும் மொழி என்னிடம் இருக்கவில்லை.

பொறுமை ஒருநாள் போய்விட்டது. குசினிக்குள் போய்ச் சோறு போடுகிற சில்வர் அகப்பையை எடுத்துவந்து, குழாயில் ஓங்கி மூன்று தட்டுத் தட்டினேன். சாமிப்படம் ஒருமுறை குலுங்கியது. இரண்டு நிமிடத்தில் கீழ்ச்சத்தம் அடங்கிவிட்டது. (அகப்பை இல்லாமலும் அது இரண்டு நிமிடத்தில் அடங்கியிருக்கும். அது பிறகு தெரிந்த சங்கதி.) எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. வென்ற ஆயுதத்தை யார் கீழே வைப்பார்கள்? அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கற்பூரம் காட்டி முடிந்ததும் மூன்று தட்டு. கலா காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

ஆனாலும் அடுத்த நாள் காலை தட்டு திரும்ப வரும். ஒரு மாதம் பொறுத்தேன். நவம்பர் கடைசியில் எழுத உட்கார்ந்தேன்.

கட்டடத்தின் நிர்வாகக் குழுவுக்குத்தான் கடிதம். முதலில் சட்டப் பிரிவு. அயலவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துகிறவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கலாம், அதன் பின்னும் நிறுத்தாவிட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போகச் சொல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. அதை இலக்கத்தோடு போட்டேன். பிறகு குற்றச்சாட்டு: எங்கள் வழிபாட்டு நேரத்தில் வேண்டுமென்றே குழாயில் தட்டுகிறார், இது ரசிஸ்மே, அதாவது இனவாதம். ஒன்று தனியாக நிற்பதாகப் பட்டது. துணைக்கு இரண்டு சேர்த்தேன். நான் கை நிறையச் சாமான் பைகளோடு வந்தபோது வாசல் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார். எங்கள் மகளைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறார்.

எழுத்துப்பிழை பார்ப்பது துஷாவின் வேலை. வாசித்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, இங்கிரிட் என்னைப் பாத்து எப்ப முகம் சுளிச்சவா? நான் வீட்டுத் திறப்பை விட்டிட்டு வந்த அண்டைக்கு அவான்ர வீட்டில இருந்துதான் லெக்ஸர் செய்தனான். வாஃபில் எல்லாம் தந்தவா." (பாடசாலையில் கொடுத்துவிடும் வீட்டுவேலைக்குத்தான் இங்கே பிள்ளைகள் லெக்ஸர் என்பார்கள்.)

"அது வேற, இது வேற."

"ரசிஸ்மே எண்டது பெரிய சொல்லு அப்பா. வாசிச்சா அவா அழுவா."

"பிழை இருந்தாச் சொல்லு. இல்லாட்டிப் போய்ப் படி."

இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். பெரிய பிழையைத் திருத்த நான் விடவில்லை.

நிர்வாகக் குழு என் கடிதத்தின் பிரதியை இங்கிரிட்டுக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. ஒரு பின்னேரம் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரைக் கடந்து படியேறினேன். அன்றிலிருந்து "ஹாய்" நின்றுபோனது. முப்பது வருடத்துக்குமேல் இருந்த வீட்டை விற்றுவிட்டுத் தங்கையிடம் போய்விடலாமா என்று அவர் யோசித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு கிழமை கழித்து நிர்வாகக் குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். இளம் பெண், மென்மையான குரல். இங்கிரிட் ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறாராம்: நான் தட்டவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கட்டடப் பராமரிப்பாளரோடு எங்கள் வீட்டுக்கு வந்து கேட்கப் போகிறார்களாம். இங்கிரிட்டையும் கூட்டிவருவார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தட்டுகிறவரை மேலே கொண்டுவந்து இருத்திவிட்டு எதைக் கேட்கப்போகிறீர்கள்?" என்றேன். தலைவி, "பார்ப்போம்," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் என்றாலும் வீட்டுக்கு வந்தவர்களை வெறுவாயோடு அனுப்பக் கலாவுக்கு மனம் வராது. பால்தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். இங்கிரிட் என் சோபாவின் ஒரு நுனியில் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பராமரிப்பாளர் நோர்வேயின் வடக்குப் பக்கத்து மனிதர், அறுபது வயதிருக்கும், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். ஐந்தரைக்கு நான் வழக்கம்போலச் சாமிப்பாட்டைப் போட்டேன். பாட்டு ஓடியது.

டொக்.

நான் இங்கிரிட்டின் கையைப் பார்த்தேன். கை கோப்பையில் இருந்தது. காலைப் பார்த்தேன். (பார்த்தேன், மறைக்கவில்லை.) கால்கள் இரண்டும் கம்பளத்தில் அசையாமல் இருந்தன.

டொக், டொக்.

பராமரிப்பாளர் குழாயில் உள்ளங்கையை வைத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். சாமித்தட்டையும் நான்கு கிளிப்புகளையும் கண்டார். "தொடலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாணியையும் இளக்கினார். தட்டைச் சுவரிலிருந்து ஒரு விரலளவு விலக்கினார். சத்தம் நின்றது. தட்டைத் திரும்பச் சுவரில் அழுத்தி இறுக்கினார். டொக். இளக்கினார். நின்றது. நான் முதல் முறையிலேயே விளங்கிக்கொண்டேன். அவர் மூன்று முறை செய்து காட்டினார்.

பிறகு சொன்னார். இரவில் எல்லோரும் தூங்கும்போது கொதிகலன் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். காலை ஐந்தரைக்குத் திரும்ப ஏற்றும். ஆறிக்கிடந்த குழாயில் ஒரேயடியாகச் சுடுதண்ணீர் வந்தால் இரும்பு நீளும். நீள்கிற குழாய்க்கு வழுக்கிப் போக இடம் வேண்டும். இந்தக் குழாயை யாரோ தட்டோடு சேர்த்துக் கட்டி, தட்டைச் சுவரோடு முட்டவைத்திருக்கிறார்கள். குழாய் போக முடியாமல் இழுபட்டு இழுபட்டு, ஒரு கட்டத்தில் துள்ளிவிடும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு தட்டு. சூடு முழுக்க ஏறியதும் அடங்கிவிடும். குழாய் எல்லா மாடிக்கும் போவதால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று காதால் சொல்ல முடியாது. "கீழ்வீட்டில் இதைவிட உரக்கக் கேட்டிருக்கும்," என்றார்.

யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது எவ்வளவு பெரிய மனது. அந்த யாரோ ஒற்றைச் சோபாவில் இருந்து கம்பளத்தின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இங்கிரிட் முதல்முறையாக வாயைத் திறந்தார். பராமரிப்பாளரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்படியென்றால் கடைசியில் வருகிற அந்த மூன்று பெரிய தட்டு?"

பராமரிப்பாளர் நெற்றியைச் சுருக்கினார். குழாய் அப்படி எண்ணி மூன்று தட்டாது என்றார். தலைவி பேனாவைக் கையில் எடுத்தார். ஏதாவது சொல்லியாகவேண்டும் என்று நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அறை வாசலில் படுக்கை உடுப்போடு நின்ற துஷா நல்ல நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொன்னாள்.

"அது அப்பா. அகப்பையால் தட்டுகிறவர்."

இந்த நாட்டுப் பாடசாலைகளில் உண்மை பேசப் பழக்கிவிடுகிறார்கள்.

இங்கிரிட் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் ஆச்சரியப்பட்டவராகத்தான் இருந்தார். "நான் அதை உங்கள் பிரார்த்தனையின் முடிவு என்று நினைத்தேன்," என்றார். முதலில் பாட்டு, பிறகு மணி, பிறகு சின்னச் சின்னத் தட்டு, கடைசியில் பெரிதாக மூன்று. தேவாலயத்தில் ஆமென் சொல்வதுபோல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாராம். வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வரவே நள்ளிரவு ஆகிவிடும். எங்கள் வரவேற்பறைக்கு நேர்கீழே அவருடைய படுக்கை. ஒக்ரோபர் முடிய முன்னரே கட்டிலை இழுத்துக்கொண்டு போய்க் குசினிப் பக்கம் போட்டுவிட்டாராம்.

"எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே," என்றார் தலைவி.

"ஒருவர் கும்பிடுவதை நிறுத்தச் சொல்லி எப்படிக் கேட்பது?" என்றார் இங்கிரிட்.

நான் யாரை இனவாதி என்று சட்டப் பிரிவோடு எழுதினேனோ, அந்த மனுசி என் சாமியை மதித்து ஆறு கிழமையாகக் குசினிக்குள் படுத்திருக்கிறார். அவர் குடித்து முடித்த கோப்பையைக் கலா வாங்கும்போது கலாவின் கண்ணில் நீர் நின்றது. என்னை அவள் பார்க்கவில்லை. நல்லவேளை.

பராமரிப்பாளர் அன்றைக்கே பெரிய மெஷின் கொண்டுவந்து கொங்கிரீட்டில் நான்கு துளை போட்டு, சாமித்தட்டைச் சுவரிலேயே மாட்டினார். அப்போதும் சாமி கிழக்குத்தான் பார்த்தார். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் கம்பளித்துணி சுற்றினார். கொதிகலன் இனி ஒரேயடியாகச் சூடேறாமல் நாலரையிலிருந்து மெல்ல மெல்ல ஏறும்படி நேரத்தை மாற்றினார். வந்த கையோடு, துஷாவின் அறையில் களகளவென்று சத்தம் போட்ட ரேடியேற்றரில் ஒரு சின்னத் திறப்பைப் போட்டுத் திருகி, உள்ளே அடைபட்டிருந்த காற்றையும் வெளியே விட்டார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். போகும்போது, "அடுத்தமுறை சத்தம் கேட்டால் எனக்குத் தொலைபேசி எடுங்கள். எழுதவேண்டாம்," என்றார்.

நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதத்தை மீளப்பெற இன்னொரு கடிதம் எழுதினேன். அது சுகம். அதற்கென்று வசனங்கள் இருக்கின்றன. கீழே போவதுதான் பாடாக இருந்தது. இரண்டு நாள் பாடமாக்கிய பேச்சோடு போய் அழைப்புமணியை அழுத்தினேன். கதவைத் திறந்த இங்கிரிட் என் பேச்சு தொடங்குமுன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தட்டுச் சத்தம் எனக்கு விளங்குகிறது. நானாக இருந்தாலும் பிழையாக நினைத்திருக்கலாம். ஒன்றை மட்டும் கேட்கவேண்டும். நான் வாசல் கதவை உங்கள் முகத்தில் அடித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் பைகளோடு வந்தீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றீர்கள். என் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் விட்டேன்."

அது அப்படியேதான் நடந்தது. கதவு சாத்திய சத்தம் என் நினைவில் இருந்தது. அதற்குமுன் அவர் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் இருக்கவில்லை. இருந்ததை நான் எழுதும்போது வெட்டிவிட்டேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். குழாய்ச் சத்தத்தை அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பலாம். இது அறிந்து செய்தது.

"பொய் எழுதினேன். மன்னியுங்கள்," என்றேன். பாடமாக்கியதில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

அவர் கதவுப் பிடியைப் பார்த்தார். "சரி," என்றார். கதவை மிக மெதுவாகச் சாத்தினார். நத்தார் பண்டிகை கழிந்து ஒருநாள் படியில் கண்டபோது "ஹாய்" என்றார். நான் மூன்று மாடியையும் ஓடி ஏறிப்போய்க் கலாவிடம் சொன்னேன்.

இங்கிரிட் அங்கேயேதான் இருந்தார். நாங்கள்தான் பிறகு லில்லெஸ்ட்ரோமுக்கு மாறிப் போனோம். சனிக்கிழமை வழக்கறிஞர் தொழிலையும் கைவிட்டேன். யாராவது உறையோடு வந்தால், "முதலில போய் ஆளோட கதைச்சியளோ?" என்று கேட்பேன். கூட்டம் தானாகக் குறைந்தது.

ஆனால் வீட்டில் என்னை விடவில்லை. பராமரிப்பாளர் வந்துபோன மறுநாள் காலை, கற்பூரம் காட்டி முடிந்ததும் துஷா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவு நிலையில் விரலால் மூன்று முறை தட்டினாள். கலா சிரித்த சிரிப்பில் மணி கையிலிருந்து விழுந்தது. அதோடு பழக்கமாகிவிட்டது. தீபாவளி, பொங்கல், பரீட்சை, புதுக் கார், எதற்குக் கும்பிட்டாலும் முடிவில் மூன்று தட்டு. கதை தெரியாத விருந்தாளிக்கு முதலில் தட்டிக் காட்டுவார்கள், பிறகு கதை சொல்வார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்கும்போது இங்கிரிட் தாளோடு நின்ற இடம் கண்ணுக்குள் வரும்.

துஷாவுக்குக் கலியாணமாகி முதல் பொங்கல் எங்கள் வீட்டில். மாப்பிள்ளையின் அம்மா வவுனியாக்காரர், பக்தி மிகுந்தவர். கும்பிட்டு முடிந்ததும் துஷா பழக்க தோசத்தில் மேசையில் தட்டிவிட்டாள்.

"உங்கட பக்கத்தில கும்பிட்டு முடிய இப்பிடித் தட்டுறதோ?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

துஷா விழித்தாள். சம்பந்திக்கு முன்னால் முதல் பொங்கலிலேயே என் மானத்தை வாங்கக் கலாவுக்கு மனம் வரவில்லைபோலும். கண் இமைக்காமல் சொன்னாள். "ஓமக்கா. இவற்ற பக்கத்து வழக்கம்."

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது சந்தர்ப்பம் இருந்தது. நான் பொங்கலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பொங்கிப் படைத்து, கற்பூரம் காட்டி முடிந்தது. சம்பந்தியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, மூண்டு தட்டு உங்கட வழக்கமெல்லே. நீங்கள் தட்டினாத்தான் முறை," என்றார். சொல்லிவிட்டுக் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரரும் கண்ணை மூடினார். துஷா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். கலா சாமிப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தட்டினேன்.